வடிவு சொன்ன வயது

வருஷத்துக்குப் பத்து மாதம் என்று சொல்லிவிட்டாளாம் வடிவு. ஒரு நாளைக்கு இருபது மணி நேரமாம். தன் வயது முப்பத்தைந்தாம். கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் ஆகிறதாம், மகள் தேனுவுக்குப் பதினொரு வயதாம்.

ஐந்தும் தப்பு. எங்கள் ஆபீஸ் நிதிலன் இதை போனில் ஒப்பித்தபோது நான் பெங்களூரிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தேன். அந்த நிலைமையிலும் வயதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. நாற்பத்தொன்றை முப்பத்தைந்து என்கிறாள் என்றால் நல்ல தெளிவாகத்தான் இருக்கிறாள் என்றேன். நிதிலன் சிரிக்கவில்லை.

"அக்கா, நாளைக்கு ரெண்டாவது தேர்வு. அதுலயும் போச்சுன்னா குமரேசண்ணன் கையெழுத்துப் போட்டுருவாருங்க," என்றான்.

அதற்கப்புறம் கோயமுத்தூர் வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. பூங்கோதை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று சொன்னால் எங்கள் ஆபீஸில் யாரும் நம்ப மாட்டார்கள்.

எங்கள் ஊரில் தெருவுக்கு ஒருவர் தண்ணீர் மோட்டார் செய்கிறார். நாங்கள் மண்டைக்குள் வைக்கிற சிப் செய்கிறோம். அரிசி மணி அளவுதான் இருக்கும். கை, கால், நாக்கு எதையும் அசைக்க முடியாமல், புத்தி மட்டும் உள்ளே விழித்துக்கொண்டிருக்கும் நோயாளிகளுக்கானது அது. அவர்கள் கையை அசைக்க வேண்டியதில்லை, அசைப்பதாக நினைத்தால் போதும். எந்த அசைவை நினைக்கச் சொல்வது என்று நாங்கள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டபோது, என் பக்கத்து மேஜைக்காரி வடிவுதான் தன் கட்டைவிரலால் மற்ற நாலு விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். விரலுக்கு மூன்று கணு, கைக்குப் பன்னிரண்டு. நம் ஊரில் சாமி நாமம் எண்ணுகிறவரும் அப்படித்தான் எண்ணுகிறார், நாள் தள்ளிப்போனதை எண்ணுகிற பெண்ணும் அப்படித்தான் எண்ணுகிறாள். யோசிக்காமலே கை செய்கிற வேலை. மனசுக்குள் கட்டைவிரலைக் கணுக்கணுவாக ஓட்டி, முடிந்ததும் முஷ்டியை மடக்குவதாக நினைத்தால், மொத்த எண் வெளியே வந்துவிடும். அந்த எண்களை வைத்துப் பிற்பாடு எழுத்து, சொல், பேச்சு எல்லாம் பழக்கலாம்.

பேச வழி கொடுக்கத்தான் செய்தோம். ஆனால் சிப் வந்த இரண்டு வருஷத்தில் அதையே வைத்து ஒரு விதி வந்துவிட்டது. சிப் வைத்தும் பதில் சொல்லாதவருக்கு உள்ளே நினைவு இல்லை என்று அர்த்தமாம். இரண்டு தேர்வு, ஒவ்வொன்றிலும் ஐந்து கேள்வி, எல்லாப் பதிலும் பத்துக்கு மேல் இருக்க வேண்டும். சும்மா கிடக்கிற மூளையிலிருந்தும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் தெறிக்குமாம், அதனால் சின்ன எண்ணெல்லாம் கணக்கில் சேராது. இரண்டு தேர்விலும் தோற்றால் மூச்சு இயந்திரத்தை நிறுத்துவதற்கு வீட்டார் கையெழுத்துப் போடலாம். போடலாம் என்றுதான் விதியில் இருக்கிறது. போடாவிட்டால் அந்தப் படுக்கைக்கும் இயந்திரத்துக்கும் காத்திருக்கிற ஆட்களைக் காட்டிக் காட்டியே போட வைத்துவிடுவார்கள்.

அந்த விதிக்குள் வடிவே வந்து படுப்பாள் என்று யார் கண்டது? மூன்று மாதத்துக்கு முன்னால், ஆபீஸில் என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவள் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டி, மூடியைத் திறக்க முடியவில்லை என்றாள். அதுதான் அவள் வாயால் சொன்ன கடைசி வாக்கியம். மூளைத்தண்டில் ரத்தக்கட்டு. எங்கள் சிப்பையே இப்போது அவள் மண்டைக்குள்ளும் வைத்திருந்தார்கள்.

அன்றைய சண்டை வழக்கமான சண்டைதான். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வியாதி உண்டு. புரோகிராமில் ஒரு பிழை கண்ணில் பட்டால் யாரிடமும் சொல்லாமல் உடனே திருத்திவிடுவோம். ஒரே பிழையை அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் திருத்தி வைப்போம். இரண்டு திருத்தமும் சேர்ந்துகொண்டு பழையபடி எல்லாம் கெட்டுப்போகும். இது நாலைந்து தடவை நடந்த பிறகு, எங்கள் இரண்டு பேர் மேஜைக்கும் நடுவில் முதலாளி ஒரு பலகையே மாட்டிவிட்டார். 'திருத்தும்முன் சொல்' என்று எழுதியிருக்கும். நாங்கள் அதன் மேல் துப்பட்டாவைக் காயப்போடுவோம்.

ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது வடிவின் கணவர் குமரேசன் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். டயர் கடை வைத்திருக்கிற மனுஷர், எப்போதும் சட்டைப் பையில் காற்றழுத்தம் பார்க்கிற கருவி செருகியிருக்கும். இன்றும் இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய தாளை நேற்றே கையில் கொடுத்துவிட்டார்களாம். அதை நாலாக மடித்து அதே பையில் வைத்திருந்தார்.

"நேத்துச் சாயங்காலம் பக்கத்துல உக்காந்து திட்டிப்போட்டேன் அம்மிணி," என்றார். "வருசத்துக்குப் பத்து மாசமாடி, உனக்கு முப்பத்தஞ்சு வயசாடி, பெத்த புள்ளைக்குப் பதினொண்ணாடின்னு ஒவ்வொண்ணாச் சொல்லிக் கேட்டேன். டாக்டர் வந்து சத்தம் போட்டாரு. அவளுக்கு எதுவும் கேக்கலன்னா நான் திட்டுனதும் கேட்டிருக்காதுல்ல?"

கேட்டிருக்கும், நன்றாகத் திட்டினீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனேன்.

அது கண்ணாடித் தடுப்பு போட்ட அறை. அங்கிருந்து பார்த்தால் வடிவின் படுக்கை தெரியும், பேசுவது அவளுக்குக் கேட்காது. மைக் பொத்தானை அழுத்தினால்தான் அவள் காதுக்குப் போகும். நிதிலன் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தான், டாக்டர் ஜெரால்டு நின்றுகொண்டிருந்தார். கெட்ட மனுஷர் இல்லை. விதியில் என்ன இருக்கிறதோ அதைச் செய்கிறவர். அப்படிப்பட்டவரிடம்தான் எனக்குக் கோபம் அதிகம் வரும்.

புது நோயாளிக்குச் சிப் பழகும்வரை எங்கள் அழகான திரையெல்லாம் வேலை செய்யாது. டீபக்கர் வழியாகத்தான் பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராமின் வயிற்றைத் திறந்து, உள்ளே என்ன எண் கிடக்கிறது என்று காட்டுகிற கருவி அது. நேற்றைய ஐந்து எண்ணும் அந்தக் கறுப்புத் திரையில் அப்படியே நின்றன. 10, 20, 35, 14, 11.

நான் அவற்றையே முறைத்துக்கொண்டு நின்றேன். எல்லாமே உண்மையைவிடக் குறைவு. ஒன்றுகூட அதிகமில்லை. குருட்டாம்போக்கில் விழுகிற எண் என்றால் ஒன்றாவது மேலே போயிருக்க வேண்டாமா? அதுவும் வருஷத்துக்குப் பத்து மாதம், நாளுக்கு இருபது மணி. பன்னிரண்டு பத்தாகியிருக்கிறது, இருபத்துநாலு இருபதாகியிருக்கிறது.

டீபக்கர் எந்த பேஸில் எண்ணைக் காட்டுகிறது என்று நிதிலனிடம் கேட்டேன். பேஸ் என்றால் அடிமானம். நாம் பத்துப் பத்தாகக் கட்டி எண்ணுகிறோம், கம்ப்யூட்டர்க்காரர்கள் தேவைக்குத் தகுந்தபடி இரண்டிரண்டாகவும் பதினாறு பதினாறாகவும் கட்டி எண்ணுவார்கள். அவன் பொறுப்பான பையன். தேர்வு தொடங்கும்முன்னே சந்தேகப்பட்டு, 'பேஸ் 10' என்று தானே டைப் செய்து, டீபக்கர் 'பேஸ்: 10' என்று பதில் சொன்னதை போட்டோகூட எடுத்து வைத்திருந்தான். டாக்டரும் அதைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறார்.

"இந்த காப்பி எங்கிருந்துடா எடுத்தே?"

"வடிவக்கா மிஷின்ல இருந்துதான். போன மாசம் எடுத்து வேற மூணு ஊர் ஆஸ்பத்திரிக்கும் அனுப்பியிருக்கேன். அவங்க கடைசியா சரிபாத்து வெச்சது அதுதான்க்கா."

என் கட்டைவிரல் தானாகவே கணுக்களைத் தொட ஆரம்பித்தது. வடிவு சோதிக்கும்போது டீபக்கரை எப்போதும் பன்னிரண்டில்தான் வைத்திருப்பாள். அவளுக்கு அதுதான் வசதி. முதல் இலக்கம் எத்தனை முழுக் கை, இரண்டாவது இலக்கம் மிச்சம் எத்தனை கணு. முப்பத்தைந்து என்பது முப்பத்தைந்தே இல்லை. மூன்று கை, ஐந்து கணு. பன்னிரண்டு, இருபத்துநாலு, முப்பத்தாறு, அப்புறம் ஐந்து.

நாற்பத்தொன்று.

நான் போட்ட கூச்சலில் வெளியே நின்ற நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"டாக்டர், பத்தை எப்படி எழுதுவீங்க?"

"ஒண்ணு, சைபர்."

"ஏனுங்க அப்படி? ஒன்பதுக்கு மேல நம்மகிட்டத் தனி எழுத்து இல்ல. அதனால ஒரு கட்டு முடிஞ்சுது, மிச்சம் ஒண்ணுமில்லன்னு எழுதறோம். நம்ம கட்டு பத்து. இந்த டீபக்கருக்குக் கட்டு பன்னெண்டு. இதுக்கு ஒண்ணு சைபர்னா பன்னெண்டு."

"ஆனா பத்துக்கு மாத்திட்டாரே. போட்டோ இருக்கே."

"பத்துன்னு டைப் பண்ணுனான். அதை அது பன்னெண்டுன்னு படிச்சுது. ஏற்கெனவே பன்னெண்டுலதான இருக்கேன், சரின்னு சொல்லிட்டு அப்படியே இருந்துடுச்சு. எட்டுல இருந்திருந்தாலும் இதே கதைதானுங்க. எந்தக் கட்டுல எண்ணுற மிஷினும் அதோட கட்டை ஒண்ணு சைபர்னுதான் எழுதும். நீங்க போட்டோ எடுத்து என்ன பண்றது?"

நிதிலனை நகரச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்தேன். பன்னிரண்டில் எண்ணுகிறவர்களுக்குப் பத்துக்கும் பதினொன்றுக்கும் ஒற்றை எழுத்து வேண்டும், அதற்கு ஏ, பி என்ற ஆங்கில எழுத்துகளை வைத்திருக்கிறோம். ஆகவே இந்த டீபக்கரிடம் பத்து என்று சொல்ல வேண்டுமானால் ஏ என்று அடிக்க வேண்டும். அடித்தேன். திரை சொன்னது: பேஸ்: 10.

டாக்டர் குனிந்து பார்த்தார். ஒன்றும் மாறவில்லையே, அதே வரிதானே என்றார். நேற்றைய பதில்களைத் திரும்பக் காட்டச் சொல்லி ஒரு பொத்தானைத் தட்டினேன். 12, 24, 41, 16, 13.

பன்னிரண்டு மாதம், இருபத்துநாலு மணி நேரம், நாற்பத்தொரு வயது, பதினாறு வருஷக் கல்யாணம், பதிமூன்று வயது மகள். ஒன்றுகூடப் பிசகவில்லை. நிதிலன் அழுதேவிட்டான். குமரேசனைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவருக்குப் பேஸும் கட்டும் புரிந்ததோ என்னவோ, 13 என்ற எண்ணை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

டாக்டருக்கும் சந்தோஷம்தான். ஆனால் விதி விதிதானாம். பதிவான தேர்வைப் பின்னால் உட்கார்ந்து மாற்றியதாக எழுத முடியாது, எந்த எண்ணையும் ஏதாவது ஒரு பேஸில் போட்டால் சரியாக்கிவிடலாம் என்று மேலே கேட்பார்கள். இன்றைக்கு இரண்டாவது தேர்வு இருக்கவே இருக்கிறது, இதில் சரியாக வந்துவிட்டால் யாரும் வாய் திறக்க முடியாது என்றார். அதற்கென்ன, தாராளமாக வையுங்கள் என்றேன். பேஸ் உண்மையான பத்தில் இருக்கிறது, வடிவு உள்ளே இருக்கிறாள், இனி என்ன? அவ்வளவு தெம்பாக நான் எந்தப் பரீட்சைக்கும் உட்கார்ந்ததில்லை.

டாக்டர் மைக்கை அழுத்தி, நேற்றைய அதே கேள்விகளை வரிசையாகக் கேட்டார். வருஷத்துக்கு எத்தனை மாதம் என்று முதலில் கேட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் இமைகூட அசையவில்லை. திரையில் எண் விழுந்தது.

14.

தப்பி விழுந்திருக்கும் என்றேன். அடுத்த கேள்வி. 28. அடுத்து வயது. 49. கல்யாணம் 18. மகள் 15.

டாக்டர் மைக்கிலிருந்து கையை எடுத்தார். ஐந்தும் தப்பு. நேற்று எல்லாம் குறைவாக இருந்தன, இன்று எல்லாம் அதிகம். சாரி மேடம், நேற்றைக்கு அந்த எண்கள் ஒத்துப்போனது தற்செயலாகத்தான் இருக்கும் என்று மெதுவாகச் சொன்னார். குமரேசன் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, மடிப்பைப் பிரித்து, மறுபடி மடித்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது? வடிவின் மேல்தான் ஆத்திரம். நேற்று அத்தனை கரெக்டாகச் சொன்னவள் இன்றைக்கு என்னத்துக்கு இப்படிச் சொதப்புகிறாள்? நேற்றுக்கும் இன்றுக்கும் நடுவில் அப்படி என்ன ஆகிவிட்டது அவளுக்கு? நான் பேஸை மாற்றியது அவளுக்குத் தெரியாது. அவள் எண்ணுவதை அது மாற்றவும் மாற்றாது. நேற்றிலிருந்து இன்றைக்குள் அவள் காதில் புதிதாக விழுந்தது ஒன்றே ஒன்றுதான், குமரேசன் திட்டியது.

உனக்கு முப்பத்தைந்து வயசாடி.

பாவி. நாற்பத்தொன்று எண்ணிக் கொடுத்தவள் காதில் முப்பத்தைந்து என்று விழுந்தால் அவளுக்கு என்ன தோன்றியிருக்கும்? பன்னிரண்டு பத்தாகத் தெரிகிறது என்று கேட்டால் அவளுக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆகும்? பேஸைப் பன்னிரண்டில் விட்டுவிட்டு வந்தது அவளேதான். வெளியே இருக்கிற மடையர்களுக்கு அது தெரியவில்லை, சொல்லவும் அவளுக்கு வாய் இல்லை. ஆகவே உள்ளே படுத்துக்கொண்டே அவள் திருத்திவிட்டாள். வெளியே நான் திருத்தினேன். ஒரே பிழையை இரண்டு பேரும், ஒருத்திக்கொருத்தி சொல்லாமல்.

நான் சிரித்தேனா அழுதேனா என்று நிதிலனைக் கேட்டால் தெரியும். டாக்டரின் கையைப் பிடித்து இழுத்துத் திரைக்கு முன்னால் நிறுத்தினேன்.

"எழுதிப்போடாதீங்க டாக்டர். இதைப் பாருங்க. நேத்து அவ உண்மையைச் சொன்னா, மிஷின் தப்பாக் காட்டுச்சு. புருசன் திட்டுனதைக் கேட்டு, மிஷின் எங்க தப்புதுன்னு கண்டுபுடிச்சுட்டா. இன்னைக்குத் திரையில நாப்பத்தொண்ணுன்னு விழணும்னா எவ்வளவு எண்ணணும்னு கணக்குப் போட்டு, நாப்பத்தொம்பது எண்ணியிருக்கா. நாலு கை, ஒரு கணு."

டீபக்கரைப் பழையபடி பன்னிரண்டுக்கு மாற்றினேன். இப்போது அது பத்தில் இருந்ததால் 12 என்றே அடித்தேன். திரை மறுபடியும் அதே வரியைச் சொன்னது, பேஸ்: 10. இன்றைய பதில்களைக் காட்டச் சொன்னேன்.

12, 24, 41, 16, 13.

நான் கையை வைக்காமல் சும்மா இருந்திருந்தால் ஐந்துக்கு ஐந்து வாங்கியிருப்பாள்.

டாக்டர் ஜெரால்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நேற்றைய எண்களையும் இன்றைய எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, தன் விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு அவரே ஒரு தடவை எண்ணிப் பார்த்தார்.

"சரியான பதில்கூடத் தற்செயலா வரலாம். நம்ம தப்பைத் திருத்துற பதில் தற்செயலா வராது," என்றார். பிறகு குமரேசனிடம் கையை நீட்டி அந்தத் தாளை வாங்கி, தன் கோப்புக்குள் வைத்துக்கொண்டார். நேற்று உங்களைச் சத்தம் போட்டதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள், இனிமேல் தினமும் திட்டுங்கள் என்றும் சொன்னார்.

அப்புறம்தான் எனக்கு மற்ற மூன்று ஊர் ஞாபகம் வந்தது. நிதிலனின் போனை வாங்கிக்கொண்டு வெளியே போய் நானே பேசினேன். முதல் ஊரில் ஒரு கல்லூரி வாத்தியார், முதல் தேர்வில் தோற்றுவிட்டு இரண்டாவதற்குக் காத்திருந்தார். நிறுத்தச் சொன்னேன். இரண்டாவது ஊரிலும் அப்படியே, ஒரு இளம்பெண். மூன்றாவது ஊரில் போனை எடுத்தவர் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, அந்தப் படுக்கையில் இப்போது வேறு ஆள் இருக்கிறார் என்றார். பழைய ஆளின் பதில்களையாவது படித்துக் காட்டுங்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஐந்தும் உண்மையைவிடக் குறைவாக இருந்தன. மனசுக்குள்ளேயே பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டிக் கூட்டிப் பார்த்தேன், ஐந்தும் சரி. போனை வைத்தேன். அந்தக் குடும்பத்திடம் யார் போய்ச் சொல்வது? நான்தான் போக வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

திரும்பி வந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குமரேசன் வடிவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் அறிக்கையைப் பாதி எழுதியிருந்தார். கடைசியாக ஒரே ஒரு கேள்வி, எந்தத் திருத்தமும் இல்லாமல் நேராக ஒரு பதில் பதிவாக வேண்டும் என்றார். நான் டீபக்கரில் ஏ என்று அடித்துப் பத்துக்குக் கொண்டுவந்தேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்தேன். பிறகு மைக்கை அழுத்தினேன். மூன்று மாதம் கழித்து அவளோடு பேசுகிறேன், என்ன பேசுவது என்றே தெரியவில்லை.

"வடிவு, கோதை பேசறேன். பாஸாயிட்டே. பேஸை இப்போ நெசமாவே பத்துக்கு மாத்தியாச்சு, நீ ஒண்ணும் திருத்த வேண்டாம். இனிமே திருத்தும்முன் சொல்லித் தொலை."

டாக்டர் மைக்கை வாங்கி, உங்கள் வயது என்ன என்று கேட்டார்.

காத்திருந்தோம். எண்ணுகிறாள், எண்ணுகிறாள், உள்ளே கட்டைவிரல் கணுக்கணுவாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று நானும் என் கணுக்களைத் தொட்டுக்கொண்டிருந்தேன். திரையில் எண் விழுந்தது.

35.

நிதிலன் பதறிப்போய் கீபோர்டுக்குப் பாய்ந்தான். டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அங்கே இருந்த சின்னத் திரையில் அதைப் பார்த்துவிட்ட குமரேசன், வடிவின் கையை விடாமலே குனிந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் நிதிலனின் கையைத் தட்டிவிட்டேன்.

"மிஷின் சரியாத்தான் இருக்குங்க டாக்டர்," என்றேன். "நீங்க நாப்பத்தொண்ணுன்னு எழுதிக்குங்க. அவ ஒத்துக்க மாட்டா."